எம்.ஜி.ஏ.வுக்கு அம்பாசிடர் கைகொடுக்கும்: குறைந்த செலவில் இன்ஜின் சக்தி கூட்டும் கணக்கு

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் எம்.ஜி.ஏ. 1500 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. இரண்டே இருக்கை, வளைந்து இறங்கும் முன்பக்கம், மடக்கி வைக்கும் துணிக் கூரை. ஆனைமலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார மேலாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி என்று அந்த வீட்டில் சொல்கிறார்கள். இப்போது அது என் நண்பனின் பெரியப்பாவுடையது. வண்டி ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை. வேலந்தாவளம் ரோட்டில் காய்கறி ஏற்றிய வேன்கூடப் பின்னால் வந்து ஹாரன் அடிக்கிறது. "தம்பி, பொள்ளாச்சியில் ஒரு கான்டெசா கார் இன்ஜின் விலைக்கு வருகிறது. வாங்கி உள்ளே வைத்துவிடலாமா?" என்று பெரியப்பா கேட்டார். "கொஞ்சம் பொறுங்கள் பெரியப்பா, முதலில் இதை அளந்து பார்த்துவிடலாம்" என்றேன். பழைய வண்டிக்குச் சக்தி கூட்ட நினைப்பவர்களில் பெரும்பாலோர் பணம் போதாமல் தோற்பதில்லை. பணத்தை எந்த வரிசையில் போடுவது என்பதில்தான் தோற்கிறார்கள். அந்த வரிசையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எம்.ஜி.ஏ. 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் செய்யப்பட்டது. முதல் வகையில் இருந்தது பி.எம்.சி. நிறுவனத்தின் பி சீரிஸ் இன்ஜின்: நான்கு சிலிண்டர், போர் (சிலிண்டரின் விட்டம்) 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ., மொத்தம் 1489 சிசி. இந்தக் கடைசி எண்ணைச் சொன்னதும் கோயம்புத்தூரிலும் பாலக்காட்டிலும் வயதான மெக்கானிக்குகளின் முகம் மலர்ந்துவிடும். நம் அம்பாசிடரின் பழைய பெட்ரோல் இன்ஜினும் இதே 1489 சிசி பி சீரிஸ்தான். ஒரே குடும்பம், ஒரே போர், ஒரே ஸ்ட்ரோக். ஆனால் அம்பாசிடரில் அது கொடுத்தது சுமார் 50 குதிரைத்திறன். எம்.ஜி. மேக்னெட் என்ற நான்கு கதவு வண்டியில் 60. எம்.ஜி.ஏ.வில் முதலில் 68, சீக்கிரமே 72.

சிலிண்டரின் கொள்ளளவு ஒரு சொட்டுகூட மாறாமல் சக்தி 40 விழுக்காடுக்கு மேல் கூடியிருக்கிறது. ஒரு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர், கூடுதல் அழுத்த விகிதம் (பிஸ்டன் கீழே நிற்கும்போது உள்ள இடம், மேலே வந்ததும் எத்தனையில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்ற கணக்கு), நன்றாக மூச்சு விடும் ஹெட் (வால்வுகள் உட்காரும் சிலிண்டர் மேல்மூடி), சுழற்சி வேகம் கூடினாலும் தாங்கும் அமைப்பு ஆகியவைதான் காரணம். பெரிய இன்ஜின் வேண்டும் என்று தேடுவதற்கு முன்னால் இந்த எண்களை ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். இன்ஜின் என்பது காற்றை இழுத்துத் தள்ளும் பம்பு. அது எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது, இழுத்ததை எவ்வளவு இறுக்குகிறது, எந்த நொடியில் தீ வைக்கிறது என்ற மூன்றும்தான் சக்தியைத் தீர்மானிக்கின்றன.

கான்டெசா இன்ஜினை நான் ஏன் தள்ளிப் போடச் சொன்னேன்? அது நல்ல இன்ஜின் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1817 சிசி இசுசு, 88 குதிரைத்திறன், ஐந்து கியர். ஆனால் அதைப் பொருத்த மவுன்டிங் மாற்ற வேண்டும், கியர்பாக்ஸ் சுரங்கத்தை வெட்ட வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறைத்துச் சமநிலைப்படுத்த வேண்டும், ரேடியேட்டரை மாற்ற வேண்டும். இன்ஜினைவிட இந்தச் சில்லறை வேலைகள்தான் பணத்தைக் குடிக்கும். அதற்கு மேல் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாள்தோறும் போய்வருகிற நமக்கு, இரண்டு மாநிலச் சோதனையிலும் நிற்க வேண்டிய வண்டி இது என்பது நினைவில் இருக்க வேண்டும்.

2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள் இன்னொரு கதவு. முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆன வண்டிகள் அந்தத் தகுதியைப் பெறலாம். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடப் பயணத்துக்கு அல்ல. இந்தப் பதிவு இப்போது வேண்டாம் என்று இருப்பவர்கூட, பின்னால் தன் மகனுக்கோ மகளுக்கோ அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று நினைப்பார் அல்லவா? இசுசு இன்ஜின் உள்ளே போன அன்றைக்கே அந்தக் கதவு சாத்தப்படுகிறது. சொந்த இன்ஜின் பிளாக்கை வைத்துக்கொண்டே சக்தியைத் தேட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

எங்கள் முதல் வேலை அளப்பது. கம்ப்ரஷன் கேஜை மாட்டி, நான்கு பிளக்கும் கழற்றிய நிலையில், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துச் செல்ஃப் அடித்தோம். ஒன்று முதல் நான்கு வரை கேஜ் காட்டிய அழுத்தம் 120, 118, 82, 115. மூன்றாவது சிலிண்டர் படுத்துவிட்டது. பிளக் ஓட்டை வழியாக அதில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தோம். ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்து அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஏறவில்லை. ஆக, வால்வுதான் கசிகிறது. ஒரு சிலிண்டர் தன் பங்கில் முக்கால்வாசியைக்கூடக் கொடுக்காத வண்டிக்குத்தான் புது இன்ஜின் தேடிக்கொண்டிருந்தோம். இந்த அளவைப் பார்த்த பிறகு பெரியப்பா கான்டெசா பேச்சை எடுக்கவில்லை.

ஹெட்டைக் கழற்றினால் அதை ஒரேயடியாகச் சரி செய்துவிட வேண்டும். இரண்டு தடவை கழற்றுவது வீண் செலவு. நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் எக்சாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தை போல இருந்து தேய்மானத்தைத் தடுத்தது. அது போனபின் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே புதைகிறது, டேப்பட் இடைவெளி சுருங்குகிறது, வால்வு முழுவதும் மூடாமல் எரிகிறது. எங்கள் மூன்றாவது சிலிண்டரின் கதையும் அதுதான். கெட்டிப்படுத்திய சீட் வளையங்களை அழுத்திப் பொருத்தி, புது வால்வு கைடு போட்டு, வால்வுகளைச் சீட்டில் படியும்படி தேய்த்து லேப்பிங் செய்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. டீசல் இன்ஜின் ஹெட்டுகளில் அன்றாடம் சீட் போடும் லேத் பட்டறைக்காரருக்கு இது புது வேலை அல்ல.

இங்கேதான் அம்பாசிடர் கைகொடுக்கிறது. எம்.ஜி.ஏ.வின் சொந்த ஹெட்டை வெட்டித் தேய்ப்பதற்கு எனக்கு மனம் வராது. பழைய பெட்ரோல் அம்பாசிடரின் ஹெட் ஒன்று கிடைத்தால் சோதனைகளை அதன் மேல் செய்துவிட்டு, மூல ஹெட்டை ஆயில் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் அச்சு அசல் ஒன்றல்ல. வால்வு அளவு, எரிஅறையின் கொள்ளளவு, வாய்களின் அகலம் எல்லாவற்றையும் அளக்காமல் மாட்டக் கூடாது. இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் டாக்சியாக ஓடிய அம்பாசிடர்களில் பெரும்பாலானவை டீசல். 1992 முதல் இசுசு 1.8 பெட்ரோல் இன்ஜினும் வந்துவிட்டது. பழைய இரும்புக் கடையில் 'அம்பாசிடர் ஹெட்' என்று சொன்னதை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். வார்ப்பில் உள்ள எண்ணைப் பார்த்து, கேஸ்கட்டை மேலே வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது அழுத்த விகிதம். எம்.ஜி.ஏ. 1500இல் அது 8.3. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 372 சிசி என்றால், பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் இடம் 51 சிசி. விகிதத்தை 9 ஆக்க வேண்டுமானால் அந்த இடம் 46.5 சிசிக்குக் குறைய வேண்டும். நாலரை சிசி, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இதற்கு ஹெட்டை எவ்வளவு சீவுவது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. மருந்துக் கடையில் வாங்கிய 10 மில்லி சிரிஞ்சும், நடுவில் சின்ன ஓட்டை போட்ட ஒரு கண்ணாடித் தகடும் போதும். வால்வும் பிளக்கும் மாட்டிய ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரிஅறையின் விளிம்பில் கிரீஸ் தடவித் தகட்டை ஒட்டி, ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் கலந்த ஆயிலை ஊற்றிக்கொண்டே போக வேண்டும். கடைசிக் காற்றுக் குமிழி நகர்ந்து வெளியேறும் நொடியில் சிரிஞ்சைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். நான்கு அறைகளும் ஒரே அளவு காட்டுவது அரிது. அவற்றை முதலில் ஒன்றுக்கொன்று சமமாக்கி, பிறகுதான் சீவக் கொடுக்க வேண்டும். ஒரு மாலை முழுவதும் பெரியப்பா டார்ச் பிடித்துக்கொண்டு நிற்க, நான் அளந்தேன். காசே செலவாகாத வேலை, ஆனால் இன்ஜினின் ஓட்டத்தில் மிருதுத்தன்மை வருவது இதனால்தான்.

இதனால் என்ன கிடைக்கும்? வெப்ப இயக்கவியலின் எளிய சூத்திரப்படி 8.3இலிருந்து 9க்குப் போனால் திறன் சுமார் இரண்டரை விழுக்காடு கூடும். 7.2 விகிதத்தில் இருக்கும் ஹெட் ஒன்றை 9க்குக் கொண்டுவந்தால் 7 விழுக்காடு. கேட்பதற்குக் குறைவாகத் தெரியும். ஆனால் இது ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போதும் கூடவே இருக்கும் லாபம், பெட்ரோலும் மிச்சம்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் பெட்ரோலின் தரம் குறுக்கே நின்றது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். முன்பு 91 ஆக இருந்த ஆக்டேன் எண் இப்போது 95 என்கிறது அரசு. நாக்கிங் இல்லாமல், அதாவது கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டாமல், 9 விகிதத்தைத் தாங்க அது போதும். ஆனால் அதே எத்தனால் பழைய ரப்பரைக் கரைக்கும், ஈரத்தை உறிஞ்சும். பெரியப்பாவின் வண்டியில் பெட்ரோல் பம்புக்குப் போகும் ஹோசை அழுத்தினேன். விரலில் கறுப்பு மை போல ஒட்டியது. அந்தக் கறுப்பு அத்தனையும் கார்புரேட்டரின் ஜெட்டில் போய்த்தான் உட்காரும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், புது டயஃப்ரம், புது சீல் ஆகியவற்றை முதலில் மாற்றாமல் சக்தியைப் பற்றிப் பேசுவதே தவறு.

எரிபொருளின் அளவும் மாறுகிறது. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 விழுக்காடு கலப்பில் இது பதின்மூன்றரைக்கு அருகில் வருகிறது. பழைய அமைப்பிலேயே கார்புரேட்டரை விட்டால் தேவைக்குக் குறைவாக எரிபொருள் போய்க் கலவை வறண்டுபோகும், இன்ஜின் சூடேறும். எம்.ஜி.ஏ.வின் இரட்டைக் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) வகையின் வரலாறு இதற்குப் பாடம். 1958இல் 1588 சிசி, 9.9 அழுத்த விகிதம், 108 குதிரைத்திறன் என்று வெளிவந்தது. பிஸ்டனில் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது. விகிதத்தை 8.3 ஆகக் குறைத்து 100 குதிரைத்திறனுக்கு இறக்கினார்கள். 2,111 வண்டிகளோடு 1960இல் அந்த வகையையே நிறுத்திவிட்டார்கள். குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் கார்புரேட்டர்கள் அதிர்ந்து கலவை வறண்டுபோனதுதான் காரணம் என்று பின்னால் கண்டறிந்தார்கள். வறண்ட கலவையும் உயர்ந்த அழுத்தமும் சேர்ந்தால் அலுமினியம் உருகும்.

நல்ல வேளையாக எஸ்.யு. கார்புரேட்டரைப் போலப் புரிந்துகொள்ள எளிதான கருவி வேறில்லை. உள்ளே ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன், அதன் நுனியில் ஒரு ஊசி, ஊசி போய்வரும் ஒரு ஜெட். ஊசியின் கூர்மைதான் எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் என்பதைத் தீர்மானிக்கிறது. ஜெட்டுக்குக் கீழே உள்ள நட்டைத் திருப்பினால் மொத்தக் கலவையும் நகரும். அறுகோண நட்டின் ஒரு முகம் அளவு திருப்பிவிட்டு நிறுத்திக் கேட்க வேண்டும். ஐட்லிங்கில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் தள்ளாடி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தால் சரி. கேஸ் அனலைசர் இல்லாத ஊரிலும் இந்த ஒரு விரல் சோதனையை வைத்து ஐட்லிங் கலவையைச் சரி செய்துவிடலாம். உயர்ந்த வேகத்துக்கு மட்டும் கொஞ்சம் தடித்த, அதாவது பெட்ரோல் கூடிய, கலவை தரும் ஊசியாகப் பார்த்து மாற்ற வேண்டும்.

பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பலர் கவனிப்பதே இல்லை. வேகம் கூடும்போது தீப்பொறியை முன்தள்ள உள்ளே இரண்டு எடைக்கற்களும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. அறுபது ஆண்டுகள் ஆடிய ஸ்பிரிங் தொங்கிப்போயிருக்கும், ஷாஃப்ட் தளர்ந்திருக்கும். டைமிங் லைட்டை அடித்துப் பார்த்தால் குறி ஓரிடத்தில் நிற்காமல் நடனமாடும். புஷ்ஷும் ஸ்பிரிங்கும் மாற்றி, பாயின்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் பொருத்துவது செலவு குறைந்த வேலைகளில் ஒன்று. வெளியில் தெரியவும் தெரியாது. வேண்டுமானால் ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடலாம்.

சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் போர் போடுவதைப் பற்றிப் பட்டறைகளில் பெருமையாகப் பேசுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு) போர் போட்டால் 1489 சிசி 1552 ஆகிறது, நான்கு விழுக்காடுதான். சிலிண்டர் தேய்ந்திருந்தால் போட்டே ஆக வேண்டும். தேயாமல் இருந்தால், அடுத்த தலைமுறைக்கு வைத்திருக்க வேண்டிய இரும்பை நான்கு விழுக்காடுக்காக இன்றைக்கே சீவித் தள்ளுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதைவிடச் சுலபமான இடம் காற்று. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பானட்டுக்குள் 60 டிகிரி இருக்கும் காற்றை இழுத்தால், வெளிக்காற்றைவிட அடர்த்தி 6 விழுக்காடு குறைவு. சக்தி அதே அளவுக்குக் குறையாவிட்டாலும், கணிசமாகக் குறையும், நாக்கிங்கும் கூடும். முன் கிரில்லிலிருந்து கார்புரேட்டர் வாய்வரை ஒரு குழாய் இழுத்துவிட்டால் தீர்ந்தது. கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்தில் வண்டி தானாகவே சுறுசுறுப்பாக ஓடுவதை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஹெட்டின் வாய்களைத் தேய்த்து அகலப்படுத்துவதில் நிதானம் வேண்டும். பி சீரிஸ் ஹெட்டில் இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஒரே உள்வாய், நடு இரண்டுக்கும் ஒரே வெளிவாய். மொத்தம் ஐந்து வாய்கள்தான். இந்தப் பங்கு பிரிப்பே இன்ஜினின் எல்லை. வார்ப்பின் முடிச்சுகளை எடுத்து, கேஸ்கட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் வாய் பொருந்தும்படி செய்தால் போதும். அதற்கு மேல் தோண்டினால் தண்ணீர் ஓடும் பாதை உடைந்துவிடும். கேம் ஷாஃப்ட் மாற்றுவது கடைசி வேலை. கூர்மையான கேம் மேல் வேகத்தில் சக்தி தரும், ஆனால் கீழே இழுவையைத் தின்னும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இரண்டாவது கியரில் 2,000 சுழற்சியில் இழுக்கும் இன்ஜின்தான் வேண்டும். மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. வால்பாறை உயரத்தில் கடல்மட்டத்தைவிட அடர்த்தி சுமார் பத்து விழுக்காடு குறைவு.

இவையெல்லாம் சரியாக அமைந்தால் 80 குதிரைத்திறனை ஒட்டி எதிர்பார்க்கலாம் என்பது என் மதிப்பீடு. தொழிற்சாலையே கடைசி வகையில் 1622 சிசியும் 8.9 விகிதமும் வைத்துச் சுமார் 90தான் எடுத்தது. கான்டெசா இன்ஜினுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி எட்டுக் குதிரைதான். அதைக் கோயம்புத்தூர்க்காரரான கரிவரதன் காட்டிய வழியில் ஈடுகட்டலாம். மாருதி 800இன் சின்ன இன்ஜினை வைத்துத்தான் அவர் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். எடையைக் குறைத்தால் சிறிய இன்ஜினும் ஓடும் என்பதை அந்த வண்டிகள் காட்டின. 1995இல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரில்தான் செட்டிப்பாளையத்துப் பந்தயப் பாதை இருக்கிறது. பெரியப்பாவின் வண்டியில் யாரோ எப்போதோ பற்றவைத்த கனமான இரும்பு பம்பர் கார்டுகளை அவிழ்த்து எடுத்தோம். இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க முடிந்தது.

இப்போது ஹெட் லேத்தில் இருக்கிறது. மிச்சப் பணத்தை பிரேக்குக்கு ஒதுக்கியிருக்கிறோம். எம்.ஜி.ஏ. 1500இல் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இரட்டைக் கேம் வகையை விட்டால், டிஸ்க் வந்ததே அடுத்த 1600 வகையில்தான். வால்பாறையிலிருந்து இறங்கும்போது டிரம் சூடேறிப் பெடல் தரை தொட்டால் 80 குதிரையும் எதிரியாகிவிடும். வீல் சிலிண்டர் கிட் வந்துவிட்டது. லைனிங் ஒட்டுபவர் அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "பழைய லைனிங்கோடு ஒரு தடவை மீனாட்சிபுரம் வரைக்கும் போய்ப் பார்க்கலாமா தம்பி?" என்று பெரியப்பா நேற்றும் கேட்டார். லைனிங் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.